வலிக்குதா என்று கேட்காதீர்கள்

2019 நவம்பரில் ஒரு ராத்திரி சித்தி சித்தப்பாவிடம் மூன்று தடவை கேட்டார், "வலிக்குதாங்க?" என்று. மூன்று தடவையும் சித்தப்பா சொன்னது ஒரே பதில்: "வலி எல்லாம் இல்ல." அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே வலி இல்லை. நெஞ்சுக்கு நடுவில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு பாரம், அவ்வளவுதான். அதை அவர் வலிக் கணக்கில் சேர்க்கவில்லை, சித்திக்கும் வேறு விதமாகக் கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம் கடைப் பக்கத்தில் இரண்டு போண்டா சாப்பிட்டிருந்தார், ஆகவே வாயு என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டார்கள். சித்தி ஓமத்தைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுத்தார். குடித்த கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. "பாத்தியா, வாயுதான்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா படுத்துவிட்டார்.

விடிகாலை நாலரை மணிக்கு எனக்கு போன் வந்தது. அடுத்த தெருதான், ஓடினேன். வெளியே மழை, அறை குளிர்ந்து கிடந்தது, மின்விசிறியும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சித்தப்பாவின் பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது கையை முஷ்டி பிடித்து நெஞ்சு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒண்ணும் இல்லம்மா, வாயு மேல ஏறிக்கிச்சு" என்றார். அந்த முகத்தின் நிறத்தை நான் இன்னும் மறக்கவில்லை, சாம்பல் பூசிய மாதிரி இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டே இருக்கிறதே என்று முதலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனோம். ஈசிஜி எடுப்பவர் ஏழு மணிக்குத்தான் வருவார் என்றார்கள், அங்கேயே நாற்பது நிமிடம் போய்விட்டது. அடுத்த இடத்தில் ஈசிஜி எடுத்த கையோடு உள்ளே கொண்டுபோய் ஆஞ்சியோ செய்து, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். முதலில் நெஞ்சு பாரமாக இருந்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது மணி நேரம். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 38 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்க வேண்டும். அடைபட்ட ரத்தக்குழாயை நேரத்தோடு திறந்திருந்தால் அந்தத் தசை அவ்வளவு செத்திருக்காது. அப்போது அவருக்கு வயது 56, எட்டு வருடமாகச் சர்க்கரை.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கொஞ்ச நாளாக என்னிடம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். லேசா நெஞ்சு வலிக்குது, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் போகாம வீட்டுலயே என்ன பண்ணலாம்? என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. போன வருடத்துக்கு முந்தின வருடம் எனக்கே நெஞ்சு வலி வந்து, அதை ஒன்றரை மாதம் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு சரி செய்தேன். ஆகவே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், நிஜமாகவே முடியும். ஆனால் அது தொடங்க வேண்டிய இடம் வேறு. அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அது வீட்டுச் சமாச்சாரம். முதல் தடவை வரும் நெஞ்சு வலிக்கு வீட்டில் உட்கார்ந்து பெயர் வைக்க முடியாது. உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது, டாக்டரே ஆனாலும் ஈசிஜி பார்க்காமல் முடியாது.

என் கதை இது. 2024 மார்ச். நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தண்ணீர் கேன் போடுகிற பையன் மேலே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான், உள்ளே தூக்கிக் கவிழ்ப்பது நான்தான். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அன்று அவசரத்தில் உடம்பைத் திருப்பிக்கொண்டே கேனைத் தூக்கினேன், இடது பக்கம் சுருக்கென்றது. அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் ராத்திரி படுக்கையில் புரண்டபோது நெஞ்செலும்புக்கு இடது பக்கம் ஊசியால் குத்தின மாதிரி வலித்தது. இழுத்து மூச்சு விட்டால் வலி. கையைத் தூக்கினால் வலி. எனக்கு அப்போது 44 வயது. இருட்டில் ஒரு மணி நேரம் விழித்துக் கிடந்தேன், கண்ணை மூடினால் சித்தப்பாவின் பனியன்தான் தெரிந்தது. எழுந்து என் வீட்டுக்காரரை எழுப்பினேன், போனோம்.

ஈசிஜி எடுக்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அதில் பயப்பட ஒன்றுமில்லை. நெஞ்சில் ஆறு இடத்தில், கை கால்களில் நாலு இடத்தில் ஒட்டுவார்கள், கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், ஐந்து நிமிடத்தில் காகிதம் கையில். நெஞ்சு வலி என்று வருபவருக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எனக்கு நார்மல் என்று வந்தது. எழுந்து கிளம்பப் பார்த்தேன், அந்த டியூட்டி டாக்டர், சின்னப் பெண், விடவில்லை. "முதல் ஈசிஜி நார்மலா இருந்தா போதாதும்மா, உக்காருங்க" என்றார். இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்று ஒரு புரதம் ரத்தத்தில் கசியும், ஆனால் அது கணிசமாகத் தெரிவதற்குச் சில மணி நேரம் ஆகும், அதனால் இடைவெளி விட்டு இரண்டு தடவை ரத்தம் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன். இரண்டாவது ஈசிஜி, இரண்டாவது ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்த பிறகு, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருகிற இடங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது விலாவில் கை வைத்ததும் கத்திவிட்டேன்.

"இதே வலிதானா?"

"இதேதான்."

விலாவையும் நெஞ்செலும்பையும் இணைக்கிற குருத்தெலும்பில் அழற்சி. காஸ்டோகாண்ட்ரைடிஸ் என்று சீட்டில் எழுதினார். கேன் தூக்கினதைச் சொன்னேன், அதுதான் என்றார். அதோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் சொன்னார், நான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்: அமுக்கினால் வலிக்கிறது என்பதாலேயே இதயம் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது, இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இருக்கலாம், அதனால்தான் முதலில் இதயத்தைப் பார்த்தோம்.

சரி, வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன்.

தூக்குவதை நிறுத்தினேன். இதுதான் பாதி மருந்து. கேன், அரிசி மூட்டை, துணி ஊறுகிற வாளி, மாவு அரைத்த பாத்திரம் எதையும் ஆறு வாரம் தொடவில்லை. தோளில் மாட்டுகிற கைப்பையை எடை பார்த்தேன், கிட்டத்தட்ட நாலு கிலோ. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, ஆபீஸ் ஃபைல், எப்போதும் இடது தோள்தான். அதை இரண்டு தோளிலும் மாட்டுகிற பையாக மாற்றினேன். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் காலையும் ராத்திரியும் கால் மணி நேரம் வைத்தேன், அது கொடுத்த சுகத்தை எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. தேவைப்பட்ட நாட்களில் பாராசிட்டமால் 650, சாப்பிட்ட பிறகு. மருந்துக்கடையில் கேட்டால் புரூஃபென், டைக்ளோஃபெனாக் என்று எடுத்துக் கொடுப்பார்கள். இந்த வகை வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், பிரஷரை ஏற்றும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கூட்டும். எனக்கு ஐந்து நாளைக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதே மாத்திரையைச் சித்தப்பாவுக்கோ பிரஷரும், சிறுநீரகம் களைத்ததைக் காட்டுகிற கிரியாட்டினினும் ஏறி நிற்கிற என் அம்மாவுக்கோ நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

யாரும் சொல்லாத ஒன்று மூச்சு. வலிக்குப் பயந்து நாம் மேலோட்டமாக மூச்சு விட ஆரம்பித்துவிடுகிறோம், நாலு நாள் அப்படி விட்டால் நெஞ்சுத் தசை எல்லாம் இறுகிப் போய் வலி இன்னும் அதிகமாகிறது. ஒரு நாளில் நாலைந்து தடவை நிமிர்ந்து உட்கார்ந்து, வலி தாங்குகிற அளவுக்கு மெதுவாக ஆழமாக மூச்சை இழுத்து விட்டேன். இரண்டு வாரம் போனதும் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நெஞ்சை லேசாக முன்னால் தள்ளி நீட்டுகிற பயிற்சி. இழுக்கிற மாதிரி இருக்கலாம், குத்தக் கூடாது.

எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. டாக்டர் எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் பயம் போய்விடுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குத்து குத்தினால், அந்த ஈசிஜி தப்பாக இருந்திருந்தால் என்று தோன்றும், உடனே இதயம் படபடக்கும், அந்தப் படபடப்பைக் கண்டு இன்னும் பயம் வரும். அதனால் வலி வரும் ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தது, எந்த இடம், கூட வேறு என்ன இருந்தது என்று எழுதினேன். எனக்கு வேலை தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, 2023இல் திறந்தார்களே அந்த ஆகாய நடைபாதை, அதில் ஏறித்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போவேன். 570 மீட்டர், படியேற்றம் தனி. மூன்று வாரம் எழுதின பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்தால், அந்தப் படியிலும் பாதையிலும் வேகமாக நடக்கும்போது ஒரு தடவை கூட வலி வரவில்லை. கொடியில் துணி போடும்போது, தும்மும்போது, புரளும்போது, ரயிலில் மேல் கம்பியைப் பிடிக்கும்போதுதான் வந்திருக்கிறது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நோட்டு நேர்மாறாகவும் சொல்லியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடந்தால் வருகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது என்று இருந்தால், வலி எவ்வளவு லேசாக இருந்தாலும் அது வீட்டில் வைத்துப் பார்க்கிற வலி இல்லை. இதயத்தின் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதை உடம்பு அப்படித்தான் சொல்லும், ஆஞ்சைனா என்பது அதுதான். லேசாக இருக்கிறதா பலமாக இருக்கிறதா என்பதில் ஒன்றுமே இல்லை. என் குருத்தெலும்பு வலி கத்த வைத்தது, சித்தப்பாவின் மாரடைப்பில் வலியே இல்லை.

இப்போது வாயு. வாயு என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. பெருங்குடல் இடது விலாவுக்கு அடியில் வளைகிற இடத்தில் காற்று தேங்கினால் நெஞ்சின் இடது பக்கமே வலிக்கும், நிஜம்தான். அமிலம் மேலே ஏறினாலும் நெஞ்சு எரியும். என் வீட்டுக்காரருக்கு அது உண்டு. ராத்திரி பத்தரைக்கு ஆபீஸிலிருந்து வந்து, ஐந்து தோசை சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால், ஒரு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வந்து எழுப்பும். அதற்கு நாங்கள் செய்தது: சாயங்காலம் ஏழரைக்குள் ஆபீஸிலேயே டிபன், வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் மோர் மட்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம். கட்டிலின் தலைமாட்டுக் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல், அதாவது சுமார் அரையடி உயரம். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் அமுங்கும், கட்டிலையே சாய்ப்பதுதான் வேலை செய்கிறது. இடது பக்கமாகப் படுப்பது. சாயங்காலக் காபியை விட்டார், அது அவருக்குப் பெரிய தியாகம். அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதைக் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். நம் ஆட்கள் பாதிப் பேர் சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்கிறார்கள், இன்னும் பாதிப் பேர் யாரையும் கேட்காமல் வருடக்கணக்கில் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஈனோ மாதிரி பொங்குகிற உப்புகளில் சோடியம் அதிகம், பிரஷர் உள்ளவர்கள் யோசித்துத்தான் குடிக்க வேண்டும்.

ஆனால் அமிலத்துக்கு ஜெலுசில் குடித்தேன், குறைந்தது, ஆகவே இதயம் இல்லை என்று மட்டும் யாரும் முடிவு செய்யாதீர்கள். உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னாலேயே ஓடுகிறது, இரண்டிலிருந்தும் சேதி போகிற நரம்புப் பாதை ஏறக்குறைய ஒன்றுதான், மூளைக்கே குழப்பம் வரும். இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு வந்தால் மேல்வயிற்றில் வலியும் குமட்டலும் ஏப்பமும் வரும். இதய வலியும் கூடும், குறையும், அரை மணி ஓயும். சித்தப்பாவுக்கு ஏப்பம் வந்து பாரம் கொஞ்சம் இறங்கியது ஓமத்தால் என்று நாங்கள் நம்பினோம், அந்த ஏப்பம் எங்களிடமிருந்து ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓமமும் இருக்கிறது, சீரகமும் இருக்கிறது, சோறு தின்று வயிறு உப்பினால் குடிக்கிறோம். தொப்புளுக்கு மேலே, தாடைக்குக் கீழே புதிதாக எது வந்தாலும் அடுப்புப் பக்கம் போவதில்லை.

அதனால்தான் வலிக்குதா என்று கேட்காதீர்கள் என்கிறேன். என்ன பண்ணுது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், அவர்களாகச் சொல்லட்டும். அழுத்துது, இறுக்குது, அடைக்குது, கனமா இருக்கு, பட்டையாக் கட்டின மாதிரி இருக்கு, என்னமோ மாதிரி இருக்கு. இதில் எது வந்தாலும் வலி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கையையும் பாருங்கள். சித்தப்பா முஷ்டியை நெஞ்சு நடுவில் வைத்திருந்தாரே, அதற்கு மருத்துவப் புத்தகத்தில் பெயரே இருக்கிறது, சாமுவேல் லெவின் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் லெவின் அறிகுறி என்பார்கள். நான் என் வலியை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினேன். இது மட்டும் தீர்ப்பு ஆகாது, ஆனால் முஷ்டியைப் பார்த்தால் நின்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அப்புறம் அடுத்த கேள்விகள்: தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போகுதா, வேர்க்குதா, மூச்சு வாங்குதா, குமட்டுதா, தலை சுத்துதா. சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மழுங்கியிருக்கும், நெஞ்சில் ஒன்றுமே தெரியாமல் மூச்சிரைப்பும் அசதியும் வேர்வையும் மட்டும் வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அப்படி வருவது உண்டு. வேலை செய்து களைத்துவிட்டாள் என்று விட்டுவிடுகிறார்கள்.

வயசு கம்மிதானே என்பதும் வேண்டாம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது நம் தெற்காசியர்களுக்கு 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறது நமக்கு.

இதயம் தவிர வேறு அவசரங்களும் நெஞ்சில் உண்டு. முதுகு வரைக்கும் கிழிக்கிற மாதிரி திடீரென்று வருவது பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிவதாக இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகோ நீண்ட பயணத்துக்குப் பிறகோ ஒரு கால் வீங்கி, கூடவே மூச்சும் நெஞ்சு வலியும் வந்தால் நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். காய்ச்சலும் சளியுமாக, மூச்சு இழுத்தால் குத்தினால் நிமோனியாவைப் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் எரிந்து இரண்டு நாளில் கொப்புளம் வந்தால் அக்கி, அதற்குச் சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் பலன்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? 108. சென்னையில் நான் அடிக்கடி பார்ப்பது, நோயாளியை நடுவில் உட்கார வைத்து முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக பைக்கில் கொண்டுபோவது. சீக்கிரம் போய்விடலாம் என்ற பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் வழியில் இதயம் நின்றால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது, ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிறார்கள். போனில் தெரு, பக்கத்தில் தெரிந்த கோயிலோ கடையோ, எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒருவர் கீழே போய்க் கேட்டைத் திறந்து விளக்கைப் போட்டு நிற்கட்டும். நோயாளியைப் படியிறங்க விடாதீர்கள், எங்களை மாதிரி இரண்டாவது மாடி என்றால் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்க வேண்டும். பழைய ஈசிஜியையும் மருந்துச் சீட்டையும் ஒரே கவரில் போட்டு எப்போதும் எடுக்கிற இடத்தில் வையுங்கள். பழைய ஈசிஜியோடு ஒப்பிட்டால்தான் புதிதாக என்ன மாறியது என்று டாக்டருக்கு உடனே தெரியும். இரவு நேரத்தில் ஈசிஜி எடுக்கிற இடம் எது, ஆஞ்சியோ செய்கிற இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் இழந்த நாற்பது நிமிடம் யாருக்கும் வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் கவனம். மாரடைப்பு என்று சந்தேகம் இருந்தால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்குவது உதவும், ஆனால் முதலில் 108ஐக் கூப்பிட்டுவிட்டு அவர்களிடமே கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், கிழிக்கிற மாதிரி முதுகு வலி உள்ளவர்கள் போடக் கூடாது. இதய வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரையை எல்லோரும் பர்ஸில் வைத்திருங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பிரஷரைச் சட்டென்று இறக்கும், டாக்டர் எழுதிக் கொடுத்தவர் மட்டும் போட வேண்டியது. பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பிலிருந்து தப்பிக்கலாம் என்று ஒன்று வருகிறது, அதை இதய மருத்துவச் சங்கங்கள் ஏற்கவில்லை, இருமுகிற நேரத்தில் போன் செய்யலாம். ஆள் சுயநினைவு இழந்து மூச்சும் இல்லை என்றால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊர்ப்பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு இதயம் காப்போம் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் மருந்தைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்களுக்கு இது உயிர்.

என் விலா ஆறு வாரத்தில் சரியானது. இப்போது கேனைக் கவிழ்ப்பதே இல்லை, தரையிலேயே வைத்து, சார்ஜ் போடுகிற சின்ன மோட்டார் பம்ப் ஒன்றை அதன் வாயில் மாட்டிவிட்டோம், பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சித்தப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சித்தி வலிக்குதா என்று கேட்கவில்லை. "என்ன பண்ணுதுங்க?" என்றிருக்கிறார். அவர் கொஞ்சம் யோசித்து, "இறுக்குது" என்றாராம். உட்கார வைத்து, அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார் சித்தி. ஐந்து நிமிடத்தில் விடவில்லை. 108ஐக் கூப்பிட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார், நான் போய்ச் சேருவதற்கும் வண்டி வருவதற்கும் சரியாக இருந்தது. கீழே கேட் திறந்திருந்தது, சித்தியின் கையில் ஈசிஜி கவர். இந்தத் தடவை தசைக்கு எதுவும் ஆகவில்லை, இரண்டு ட்ரோபோனினும் சரியாக வந்தது, மருந்தின் அளவை மட்டும் மாற்றி மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார், பத்து மணிக்குத்தான் படுத்தார்.